நாற்பத்தொரு செகண்ட்

"மூக்கெலும்பு வளைஞ்சிருக்கு, சைனஸ்ல சதை வேற வளர்ந்திருக்கு. ஆபரேஷன் பண்ணணும். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா?" என்று கேட்டார் டாக்டர்.

"எனக்கெப்படித் தெரியும்? கட்டையைச் சாய்ச்சா பொணம் மாதிரி தூங்குவேன்" என்றார் கணவர்.

"நிக்குது டாக்டர்" என்றாள் மனைவி. "மல்லாந்து படுத்தா அதிகமா நிக்கும். ஒரு தடவை நாற்பத்தொரு செகண்ட் நின்னுச்சு."

"உன்னை யாரு கேட்டா?" என்று அதட்டினார் கணவர்.

"அவங்க சொல்றதுதான் சார் எனக்கு வேணும். இது தெரியாம மயக்க மருந்து குடுத்தா ஆபத்து. இப்படி ஒருத்தங்க கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும். போய் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

கணவர் வெளியே போனார்.

"எத்தனை நாளாம்மா எண்ணுறீங்க?" என்று டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"ஆறு வருஷமா." கைப்பையை நகர்த்தி, மணிக்கட்டில் கன்றியிருந்த தடத்தை மறைத்துக்கொண்டாள்.

"பதறிப்போய்த் தட்டி எழுப்பியிருப்பீங்களே?"

"ஒரு தடவைகூட எழுப்பல டாக்டர்."

டாக்டரின் பேனா நின்றது.

"ஒவ்வொரு தடவையும் இதோட முடிஞ்சுதுன்னு நினைப்பேன். பாழாப்போன மூச்சு, திரும்பி வந்துடும்" என்றவள், வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆபரேஷன் பண்ணிட்டா, அப்புறம் நிக்கவே நிக்காதா டாக்டர்?"