பதினோரு நாள் சம்பளம்

“சோப்புப் போட்டு இன்னொரு வாட்டி கழுவிட்டு வாங்கக்கா. மருந்துப் பிசுக்கு இருந்தா மெஷின் எடுக்காது” என்றான் ராய்ஸ்டன்.

பஞ்சாலை மூன்றாவது தடவையாகக் குழாயடிக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள். கட்டை விரலைத் துண்டில் துடைத்து வருகை பதியும் மெஷினின் சின்னக் கண்ணாடிமேல் வைத்தாள். மெஷின் ஒரு கத்துக் கத்திச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

எஸ்டேட் ஆபீசில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. ராய்ஸ்டன் அங்கே கணக்கு எழுதும் கிராணியாக வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இருபத்தாறு வயதுதான், ஆட்களிடம் எரிந்து விழ இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

பஞ்சாலை செம்பனைக் காட்டில் மருந்தடிக்கிறவள். போன மாதச் சம்பளத்தில் அவளுக்கு எழுநூறு வெள்ளிக்குமேல் குறைந்திருந்தது. பத்தொன்பதாம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை, ஞாயிறு போக மொத்தம் பதினோரு நாள், அவள் வேலைக்கே வரவில்லை என்கிறது மெஷின்.

“நீங்க வந்தது எனக்குத் தெரியாதாக்கா? தெனம் மருந்து டாங்கியைத் தூக்கிட்டு இந்த ஜன்னல் வழியாத்தானே போறீங்க. கேஎல் ஹெட் ஆபீஸ்ல உக்காந்திருக்கவனுக்கு இந்த ஜன்னல் தெரியாதுலா. மெஷின் சொன்னாத்தான் நம்புவான்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள பீஸ் கட்டணும் தம்பி. இல்லன்னா பரிச்சைக்கு உக்கார விடமாட்டாங்களாம்.”

அவள் மகள் மம்பாவ் டவுனில் அறை எடுத்துத் தங்கி நர்சிங் படிக்கிறாள். இது கடைசி வருடம். கடன் கேட்கலாம் என்றால், கொடுக்கக்கூடியவர்கள் எல்லாரும் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.

ராய்ஸ்டன் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டான். கால் மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு யாரோ பேசினார்கள். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது.

“ஒரே ஒரு தடவ பச்ச லைட்டு வந்தாப் போதுமாம்க்கா. மெஷின் கோளாறுன்னு எழுதிக்கிட்டு நாளைக்கே காச போட்டுடுவாங்களாம். பத்து விரலையும் வச்சுப் பாருங்க.”

பஞ்சாலை ஒவ்வொரு விரலாக வைத்தாள். பத்துக்கும் சிவப்புத்தான். ராய்ஸ்டன் தன் விரலை வைத்தான். மெஷின் பல்லை இளித்துக்கொண்டு பச்சை காட்டியது.

“இத்தன வருசமா எடுத்துச்சே, திடீர்னு என்னாச்சு?”

“மருந்துல எல்லாம் தேஞ்சு போச்சு தம்பி.”

அது உண்மைதான். இருபது வருடம் ரப்பர் பால் வெட்டி, பன்னிரண்டு வருடம் மருந்தடித்த விரல்கள் அவை. ரேகை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

“மெஷின் வந்த புதுசுலயே பாதிப் பொம்பளைங்க விரல எடுக்கலியாம். அந்தோனி மண்டோர்தான் ரெண்டு நாள் கூடவே உக்காந்து எப்படியோ எல்லாத்தையும் பதிஞ்சு முடிச்சாராம். அவரு இருந்தா இப்ப ஒரு கையெழுத்துல வேல முடிஞ்சிருக்கும்” என்றான் ராய்ஸ்டன்.

அந்தோனி மண்டோர் போன மாதம் பதினெட்டாம் தேதி ராத்திரி நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், மெஷின் பக்கத்திலேயே நின்று ஆட்களை வரிசையாக விரல் வைக்க அனுப்புகிற கங்காணி அவர்தான். அவருக்குப் பதில் ஆள் போட நிர்வாகத்துக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

ராய்ஸ்டன் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான். பிறகு அலமாரியைக் குடைந்து ஒரு பாரத்தை எடுத்தான். பதிவாகியிருக்கும் ரேகை இந்தத் தொழிலாளியுடையதுதான் என்று ஆபீஸ் தரப்பில் ஒருவர் உறுதி சொல்லும் பாரம் அது.

“நான் போட்டுத் தரேன்க்கா. நாளைக்கே காசு வந்துடும். அடுத்த வாரம் கேஎல்லேருந்து ஆள் வந்து, உங்க ஐசி கார்டுல உள்ள ரேகையோட ஒத்துப் பாப்பாங்களாம். பொய்யின்னு தெரிஞ்சா எனக்கு வேல போயிடும்.” அவன் சிரித்தான். “பக்கத்து எஸ்டேட்ல கூட்டாளிக்குப் பதிலா விரல் வச்ச ரெண்டு பேர அன்னிக்கே வெளிய அனுப்பிட்டாங்க. நமக்கென்ன பயம்?”

அவன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கைக்குழந்தையின் படம் இருந்தது. பிறந்து நாற்பது நாள் ஆகியிருக்காது. பஞ்சாலை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராய்ஸ்டன் அவள் பெயரை எழுதினான், ஐசி நம்பரை எழுதினான். கையெழுத்துக்குப் பேனாவைக் கீழே கொண்டுபோனபோது, பஞ்சாலை பாரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

“வேணாம் தம்பி.”

“என்னக்கா இது? காசு வேணாமா?”

வேண்டும். அந்தக் காசு இல்லாவிட்டால் மகள் படித்த மூன்று வருடமும் வீண். வாயைத் திறந்தால் இருக்கிற வேலையும் போய்விடும். ஆனாலும் பஞ்சாலை கையை மட்டும் எடுக்கவில்லை.

“எனக்கு மட்டும் எந்த விரலும் எடுக்கல தம்பி. என் பேருல பதிஞ்சிருக்கறது அந்தோனி மண்டோரோட சுண்டுவிரலு.”