நாற்பத்தெட்டு அடி

காரிலிருந்து அன்பரசி இறங்கிய தோரணையைப் பார்த்ததுமே, பெங்களூர் பார்ட்டிதான் என்று முடிவு கட்டிவிட்டார் நிலத்தரகர் நவநீதன். ஏரியூரைத் தாண்டி, கூப்பிடு தூரத்தில் ஒரு வீடுகூட இல்லாத நான்கு ஏக்கர் அது.

"தற்சார்பா வாழறதுக்கு இதவிட நல்ல எடம் கெடைக்காதுங்க மேடம். கேழ்வரகு, அவரை, புளி எல்லாம் இங்கயே வெளையும். கடையில உப்பு மட்டும் வாங்குனாப் போதும்."

"தண்ணி?"

"கெணறு அறுபது அடிங்க. சித்திரையிலகூட வத்தாது."

"வத்தாது, சரி. ஆனா ஆழம் நாப்பத்தெட்டு அடிதாங்க. அதுக்குக் கீழ பாறை."

நவநீதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று பேச்சை மாற்றினார்.

"ஒத்தையில இருந்துக்குவீங்களா? அவசரத்துக்கு ஒரு வாய் தண்ணி கேக்கக்கூட அக்கம்பக்கத்துல ஆள் கெடையாதுங்களே!"

"கேட்டதெல்லாம் போதுங்க."

அன்பரசி நேராகக் கிணற்றடிக்குப் போனார். அங்கே கிடந்த வாளியைக் கயிற்றோடு உள்ளே விட்டு, தானே இறைத்து, வயிறு குளிரக் குடித்தார்.

"முப்பது வருசத்துக்கு முன்னாடி இந்தக் கெணறு வெட்டுனப்ப, கூலிக்கு மண்ணு சுமந்தவ நான். தண்ணி ஊறுன அன்னிக்கு, குடிக்கக் கேட்டேன். வாளியத் தொடாதேன்னு சொல்லி, மேலயிருந்து கையில ஊத்துனாங்க."

நவநீதன் அவர் கையிலிருந்த வாளியைப் பார்த்தார்.

"எடம் புடிச்சிருக்குங்க" என்றார் அன்பரசி. "பத்திரத்துல இந்த வாளியையும் சேத்து எழுதச் சொல்லுங்க."