மூடி வைத்த முடிச்சு

தொங்கும் கூட்டுக்கான முடிச்சைக் கற்றுக்கொடுத்த அன்றே தேன்சிட்டிடம் தூக்கணாங்குருவி ஒரு நிபந்தனை வைத்தது. “யார் வந்து கேட்டாலும் இதைக் காட்டணும். நீ புதுசா எதைச் சேர்த்தாலும் அதையும் காட்டணும். உன்கிட்ட கத்துக்கிறவங்களுக்கும் இதே பேச்சுதான்.”

தேன்சிட்டு பலமாகத் தலையாட்டியது.

பிறகொரு நாள் அது முடிச்சின் மேல் சிலந்தி நூலைச் சுற்றிப் பார்த்தது. எந்தக் காற்றுக்கும் கூடு ஆடியதே தவிர அவிழவில்லை. தேன்சிட்டுக்குப் பெருமை பிடிபடவில்லை. உடனே மரப்பட்டைத் துணுக்குகளை ஒட்டி முடிச்சை மூடிவிட்டது. அக்கம்பக்கத்துக் குருவிகள் வந்து கேட்டபோது, “இது என் சொந்த வேலை” என்று விரட்டியது.

ஆடிக் காற்று ஒரு நாள் முழுக்கப் பேயாய் அடித்து ஓய்ந்தது. தூக்கணாங்குருவி வந்து எதிர்க்கிளையில் உட்கார்ந்தது.

“என் கூடு விழுந்துடுச்சு. மூணு முட்டை” என்றது. கொஞ்சம் தயங்கிவிட்டு, “உன் கூடு எப்படி நின்னுச்சு? எனக்குக் காட்டுவியா?” என்று கேட்டது.

அது நிபந்தனையை நினைவுபடுத்தவில்லை. மற்ற குருவிகளைப் போலவே வந்து கேட்டது, அவ்வளவுதான்.

தேன்சிட்டு பட்டைத் துணுக்குகளை ஒவ்வொன்றாகக் கொத்தி எடுத்தது. சிலந்தி நூலுக்கு அடியில், தூக்கணாங்குருவியின் முடிச்சு அப்படியே இருந்தது.