வால்டர் துரையின் விழாத பந்து

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கோலார் தங்கவயலில் வெள்ளைக்காரத் துரைமார் கோல்ஃப் ஆட ஆரம்பித்த காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன். கேட்டுவிட்டு வால்டர் துரையை நினைத்துச் சிரிக்கலாம். ரொம்பச் சிரிக்கக் கூடாது.

“சபாஷ், தொரே!” என்று கத்தினார், குழியருகே அடையாளக் கொடி பிடித்து நின்ற காத்தவராயன்.

வால்டர் துரை பல்லைக் கடித்தார். அவர் தட்டிய பந்து நேராக உருண்டு வந்து, குழிக்கு இரண்டு விரல் இருக்கும்போது, அலுத்துப்போனதுபோல நின்றுவிட்டது.

“இன்னாத்துக்கு சபாஷ்? உள்ள போவலியே!” துரை தம் பட்லர் மாணிக்கராஜிடம் தமிழ் கற்றவர். அதனால் சமையல்கட்டுத் தமிழ்தான் வரும்.

“போவாட்டி இன்னா தொரே? கையி நல்லா பதமா வந்துக்கினு இருக்குது.” காத்தவராயன் பந்தை எடுத்துத் தலைப்பாகை நுனியில் துடைத்து, பயபக்தியோடு நீட்டினார்.

சனிக்கிழமை மைசூர் மைன்ஸ் துரைமாருக்கும் பக்கத்துச் சுரங்கமான பாலகாட் துரைமாருக்கும் பந்தயம். சீமையிலிருந்து புதிதாக வந்த வால்டருக்கு அதில் எப்படியாவது ஆடிவிட வேண்டும். பெரிய துரையோ, “வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். ஒரு பந்தாவது குழியில் விழுந்தால் நீ ஆடலாம். இல்லாவிட்டால் சீமாட்டிகளோடு உட்கார்ந்து எலுமிச்சம்பழம் பிழி” என்று சொல்லிவிட்டார். பழகிக்கொள்ள மைதானத்து ஓரமாகப் புதுக்குழி ஒன்றும் வெட்டிக் கொடுத்தார். அங்கே வேறு யாரும் ஆடுவதில்லை.

அன்றிலிருந்து வாய் உள்ளவர்களெல்லாம் வால்டருக்கு யோசனை சொன்னார்கள். மட்டைக்குக் கனம் போதாது என்றார் ஒருவர். ஈயம் வைத்த மட்டை வந்தது. பிடி வழுக்குகிறது என்றார் இன்னொருவர். பிடிக்கு ஆட்டுத்தோல் சுற்றியாயிற்று. வியர்வையில் மூக்குக்கண்ணாடி நழுவினால் குறி தப்பும், கழற்றிவிட்டு ஆடு என்றார் டாக்டர் துரை. கழற்றினார். அதற்கப்புறம், காத்தவராயன் பிடித்திருக்கும் கொடியை வைத்துத்தான் குழி எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரிந்தது.

மாணிக்கராஜும் சும்மா இருக்கவில்லை. “பந்தை முட்டையாட்டம் நெனச்சுக்கோங்க சார். ஒடையாம தட்டணும்.”

“நீ மொதல்ல முட்டைய ஒழுங்கா வேவ வெய்யி, மேன்!”

காத்தவராயன் மட்டும் யோசனை சொல்லாமல் தம் வேலையைப் பார்த்தார். பல வருஷம் சுரங்கத்தில், ஷாஃப்ட் வாயில் காவல் நின்றவர் அவர். ஆட்கள் கூண்டில் ஏறி இறங்குகிற அந்தப் பாதாளத்துக்குள் மேலிருந்து ஒரு கூழாங்கல் உருண்டாலும் கீழே ஒரு மண்டை போய்விடும். வயதானதும் அவரை மைதானத்துக்கு மாற்றி, கொடியைக் கையில் கொடுத்து, “இனிமே இந்தக் குழியைப் பார்த்துக்கோ” என்றார்கள். பார்த்துக்கொண்டார்.

புல் பிடிக்காத பூமி அது. குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைத்தான் பரப்பியிருந்தார்கள். துரை பந்தைத் தட்டுவதற்கு முன் காத்தவராயன் பலகையால் மணலை இழுத்துக் கண்ணாடிபோல் ஆக்குவார். கடைசியில் குழியை ஒரு சுற்றுச் சுற்றி, குதிகாலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவார். அவ்வளவு சிரத்தை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய துரை வந்தார். குதிரையிலிருந்து இறங்கவில்லை.

வால்டர் துரை மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஈயம், ஆட்டுத்தோல், முட்டை எல்லாவற்றையும் ஒருமுறை மனசுக்குள் ஓட்டிவிட்டு, தட்டினார். பந்து கொடியைப் பார்த்து நூல் பிடித்தாற்போல் போயிற்று. மாணிக்கராஜ், “யேசுவே, இந்த ஒண்ணு மட்டும்” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

குழி ஓரத்துக்கு வந்ததும் பந்து நின்றது.

“சபாஷ், தொரே!”

“எலுமிச்சம்பழம்,” என்றார் பெரிய துரை. குதிரை திரும்பிப் போய்விட்டது.

வால்டர் துரை மட்டையைப் போட்டுவிட்டு மணலிலேயே உட்கார்ந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. காத்தவராயன் கொடியைச் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினார்.

“இன்னா தொரே, மொகம் இப்பிடி சுண்டிப்பூட்ச்சி?”

“ஒண்ணுகூட உள்ள வுழலியே, காத்தவராயன். நான் இன்னா தப்பு பண்றேன்?”

“ஐயே, உங்க மேல தப்பே இல்ல தொரே! நீங்க எப்பிடி அடிச்சாலும் அது நேரா குழிக்குத்தான் ஓடியாருது. நான்தான் சுத்தியும் காலால மேடு கட்டி, ஒண்ணையும் உள்ள வுடாம காப்பாத்திக்கினு வரேன்.” காத்தவராயன் துரையின் காதருகே குனிந்தார். “கீழ நம்ம ஆளுங்க வேல செய்றாங்க இல்ல!”

கதை கேட்ட உங்கள் வீட்டிலிருந்து ஷிஃப்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் பத்திரமாகத் திரும்பி வந்து, சூடாக ஒரு வாய் சோறு சாப்பிடட்டும்.