போர்டு இருக்கும் இடம்

நெடுஞ்சாலையை அகலப்படுத்தியவர்கள் மேம்பாலம் கட்டினார்கள். பேருந்து நிறுத்தத்தைக் கீழேயே விட்டுவிட்டார்கள். மில்லுக்குப் போகும் அங்கயற்கண்ணியின் தலைக்கு மேலே எட்டு மாதமாகப் பேருந்துகள் பறந்தன. டிப்போவுக்கே போய்க் கேட்டாள்.

“மேல போர்டு இல்லியேம்மா. போர்டு இல்லாத எடத்துல எப்படி நிறுத்துறது?” என்றார் மேலாளர், தலை நிமிராமல்.

மறுநாள் காலை கீழே நின்ற போர்டைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, அதன் காலில் ஒட்டிய சிமெண்ட் கட்டியோடு தோளில் சுமந்துகொண்டு பாலத்தில் ஏறினாள். பின்னால் வந்த லாரிக்காரர், “பைத்தியமா உனக்கு?” என்று கத்தினார்.

“ஸ்டாப்பிங்க மாத்துறேன். ஒதுங்கிப் போங்க!”

உச்சியில் இருந்த விளக்குக் கம்பத்தோடு சேர்த்துப் போர்டை சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினாள். தூரத்தில் ஏழேகால் பேருந்து வேகமாக ஏறி வந்தது. அவள் கை காட்டவில்லை. போர்டுக்குக் கீழே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.