நீலத்தின் மேல் ஒரு நிழல்

ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், மணலும் காய்ந்த புல்லுமாய்க் கிடக்கும் வெட்டைவெளியில், அருட்பிரகாசம் கமராவும் கையுமாகக் குப்புறப் படுத்திருக்கிறார். அவர் முகத்துக்கு நேரே ஒரு புல் நுனியில், விரல்நகம் அளவு வண்ணத்துப்பூச்சி ஒன்று சிறகை மூடிச் சாம்பலாய் இருக்கிறது. வெயில் பட்டால் திறக்கும். உள்ளே அத்தனையும் நீலம். பின்னால் சுபாங்கி, காலை வெயிலை முதுகில் வாங்கியபடி நிற்கிறாள். போன வருடம் இதே நீலத்தைப் படமெடுத்தவள் அவள்தான். அச்சுக்குக் கொடுக்கிறேன் என்று வாங்கிப்போன அருட்பிரகாசம், கீழே தன் பெயரைப் போட்டுக்கொண்டார். தமிழ்க் கடைக் கலண்டரில் அந்தப் படம் ஊரார் குசினிச் சுவரெல்லாம் தொங்குகிறது, அவள் குசினியிலும்தான். அடுத்த கலண்டருக்கும் நீலம் வேண்டுமாம். இடம் காட்ட அவளையே கூட்டிவந்திருக்கிறார்.

சிறகு மெல்லத் திறக்கிறது. அவர் மூச்சைப் பிடிக்கிறார். சுபாங்கி அரை அடி நகர்கிறாள். நிழல் விழுந்த கணமே பூச்சி பறந்துவிடுகிறது.

"சீ! உது பறந்து போட்டுது."

"பாவம் அண்ணை. அங்கால ஒண்டு இருக்கு, தவண்டு போங்கோ."

அவர் தவழ்கிறார், அவள் நிழலும் கூடவே நகர்கிறது. முள் முழங்கையைக் கிழிக்கிறது. அந்தப் பூச்சியும் பறக்கிறது. இப்போதுதான் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்க்கிறார்.

"பிள்ளை, உன்ர நிழல்தான் கலைக்குது. கொஞ்சம் விலகு."

"விலகிறன் அண்ணை. படத்துக்குக் கீழ ஆற்ர பேர் போடப்போறியள்?"

அவர் மறுபடியும் கமராவில் கண்ணை வைக்கிறார். அவள் அசையவில்லை. அவர் முதுகின் மேல் அவள் நிழல் அப்படியே கிடக்க, சுற்றிலும் கைக்கெட்டாத தூரத்தில் நீலம் திறந்து திறந்து மூடுகிறது.