வெறும் காற்றில் ஓடும் இன்ஜின்

தங்கைக்கு மூச்சிரைப்பு என்று கேள்விப்பட்டு அடித்துப் பிடித்து ஓடிவந்தார் அண்ணன். கூடத்தில் அவள் புருஷனின் தர்பார் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக் கொட்டகையில் லேத் போட்டு, தானே கடைந்து செய்த கட்டைவிரல் உயரப் பித்தளை இன்ஜினை ஊராருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி எங்க, மாப்பிள்ளை?"

"உள்ள படுத்திருக்கா மச்சான். ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட விடறதில்லை. நீங்க இதைப் பாருங்க! பெட்ரோல் கிடையாது, கரண்ட் கிடையாது. வெறும் காத்து!"

காற்றையே தான் கண்டுபிடித்தவர் போல நெஞ்சை நிமிர்த்தினார். சுவர் ஓட்டை வழியே வந்த ரப்பர் குழாய் சீற, சக்கரம் கிறுகிறுவெனச் சுழன்றது. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"காத்தடிக்கிற மெஷின் சத்தமே கேக்கலையே?" என்றார் அண்ணன்.

"அங்கதான் மச்சான் நம்ம மூளை!"

சக்கரம் தடுமாறியது. திணறியது. நின்றே விட்டது.

"வால்வுல தூசி. இதோ வந்துட்டேன்," என்று அசடு வழிந்தபடி மாப்பிள்ளை உள்ளே போனார். மனம் கேட்காமல் அண்ணனும் பின்னாலேயே போனார்.

உள்ளறையில் சைக்கிள் பம்பின் மேல் கவிழ்ந்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள் தங்கை.

மாப்பிள்ளை பல்லைக் கடித்தார். "மானத்தை வாங்கிட்டியேடி! இன்னும் ரெண்டு நிமிஷம் அடிச்சிருந்தா செத்தா போயிருப்பே?"